அங்கத்தவரின் கை

ராஜினாமாக் கடிதத்தை எழுதியது நான்தான். மற்ற ஆறு பேரும் கையெழுத்து மட்டும் வைத்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை அப்பாவி என்று நினைத்துப் பாவப்பட வேண்டாம்.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் கடைசி மாதங்கள் அவை. ஆடிக் கலவரத்தில் கொழும்பில் வேலை செய்த இடத்தையும் குடியிருந்த அறையையும் விட்டுவிட்டு, உடுத்த உடுப்போடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கிய பல் வைத்தியர்களில் நானும் ஒருத்தி. பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய சாய்வு கதிரையைப் போட்டுப் பல்லுப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஓர் அட்டை வந்தது. நாடு முழுவதுக்குமான எங்கள் பல் வைத்தியர் சங்கம் அனுப்பியது. வருடாந்த மாநாட்டு விருந்துக்கு வருகிறீர்களா, வந்தால் சைவமா அசைவமா என்று கேட்டு, கோடு போட்டு, கட்டம் போட்டு, அழகாக அச்சடித்திருந்தார்கள்.

உயிரோடு இருக்கிறாயா என்று ஒரு வரி இல்லை. சைவமா அசைவமா!

இன்றைக்கு யோசித்தால், அந்த அட்டை கலவரத்துக்கு முன்பே அச்சாகியிருக்கும். சங்கத்துக் கந்தோரில் இருந்த யாரோ ஓர் எழுதுவினைஞர் விலாசப் பட்டியலைப் பார்த்துத் தபாலில் போட்டிருப்பார். அந்த மனிதருக்கு என்ன தெரியும்? ஆனால் அப்போது எனக்கு முப்பது வயது. கோபம் மூக்கு நுனியில் நின்றது. அன்றைக்கே உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். குடாநாட்டுக் கிளையின் அங்கத்தவர்கள் எல்லோரும் கூட்டாக விலகுகிறோம் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு பக்கம்.

கிளைக்கூட்டம் நல்லூரில் ஒருவர் வீட்டில் நடந்தது. கடிதத்தை வாசித்தேன். ஆறு பேர் உடனே கையெழுத்து வைத்தார்கள். எட்டாவது ஆள், கடற்றொழில் செய்யும் சனத்தின் ஊரான குருநகரைச் சேர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னிடமே திருப்பித் தந்தார்.

"உது செல்லாது."

"ஏன் செல்லாது?"

"விதிப்படி ஒவ்வொருத்தரும் தனித்தனியத்தான் விலகலாம். கூட்டாய் எழுதினா அவை வாசிச்சுப்போட்டுப் பேசாமல் இருப்பினம்."

"விதியோ? வீடுகள் எரியேக்கை ஆர் விதி பாத்தவை?"

"அது வேறை. நான் விலகேல்லை. எங்கடை ஆள் ஒண்டாவது உள்ளுக்கை இருக்க வேணும்."

எல்லோருக்கும் முன்னால் நான் கேட்டேன்: "உங்களுக்கு முதுகெலும்பு எண்டு ஒண்டு இருக்கோ?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கோப்பையில் மிச்சமிருந்த தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எட்டு வருடம் நாங்கள் கதைக்கவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டக்கார ஆள் ஒருவர் அப்படி மறுத்திருந்தால் நான் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேனா, அல்லது அவர் குருநகர் ஆள் என்பதால்தான் வாய் அவ்வளவு இலகுவாகத் திறந்ததா என்று பிற்காலத்தில் என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். எனக்குப் பிடித்த பதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

கையெழுத்து வைத்த ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக வெளிநாடு போனார்கள். லண்டன், ரொறன்ரோ, சிட்னி. போன இடத்தில் எல்லோரும் அந்தந்த நாட்டுச் சங்கத்தில் சேர்ந்துகொண்டார்கள். வருடப் பிறப்புக்கு வாழ்த்து அட்டை வரும், பெயருக்குப் பின்னால் புதுப்புது எழுத்துகளோடு. ராஜினாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிஞ்சியது நான் ஒருத்திதான். அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தொண்ணூறில் திரும்பவும் சண்டை மூண்டு மின்சாரம் போனது. பழைய கால்மிதி மெஷினைத் தூசு தட்டி எடுத்தேன். காலால் மிதித்துக்கொண்டே கையால் பல்லைக் குடைவதற்கு நல்ல பழக்கம் வேண்டும். இரண்டு மாதத்தில் அதுவும் வந்துவிட்டது. வெளிச்சத்துக்கு யன்னலோரமாகக் கதிரையைத் திருப்பினேன். பல்லுப் பார்க்கும் ஆயுதங்களை விறகடுப்பில் அவித்தேன். இதெல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயம். சமாளிக்க முடியாமல் போனது விறைப்பு மருந்து, பல்லைப் பிடுங்குமுன் ஈறை மரத்துப்போக வைக்க ஊசியில் ஏற்றுவது. அரசாங்கத்தின் அனுமதியில்லாமல் குடாநாட்டுக்குள் கொண்டுவர முடியாத சாமான்களோடு அதுவும் சேர்ந்துகொண்டது. சுண்டுவிரல் நீளக் கண்ணாடிக் குழலில் அடைத்து வரும் மருந்து அது. என்னிடமிருந்த கடைசிக் குழல் ஒரு கிழவரின் கடைவாய்ப் பல்லோடு முடிந்தது.

அதற்குப் பிறகு வெறுமனே பிடுங்கினேன். எங்கள் பக்கத்துச் சனம் தோட்டக்காரச் சனம். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையால் கதிரையின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சை அடக்கி இருப்பார்கள். பிடுங்கி முடிந்ததும் கண்ணீரைத் துடைத்துவிட்டு, "பெரிய உபகாரம், டொக்டர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதுதான் என்னால் தாங்க முடியாதது. ஏசிவிட்டுப் போயிருந்தால் நன்றாக நித்திரை கொண்டிருப்பேன்.

தொண்ணூற்றொன்றின் நடுப்பகுதியில் ஒரு பெண் வந்தாள். எங்கள் வீட்டுக்கு மூன்றாம் ஒழுங்கை. புருஷன் புகையிலை நடுகிறவன். ஏழு மாத வயிறு. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டி, ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. கராம்பை வைத்து வைத்து வாயெல்லாம் வெந்திருந்தது. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. பல்லை எடுத்தே ஆகவேண்டும். அதில் சந்தேகமே இல்லை.

"ஊசி இல்லைப் பிள்ளை" என்றேன்.

"தெரியும் டொக்டர். எனக்கு நோவுக்குப் பயமில்லை. உள்ளை இருக்கிறதுக்குத்தான் பயம். முதல் பிள்ளை எட்டு மாசத்திலை தவறிப்போனது."

பல்லுப் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அந்த நோவும் பதற்றமும் அவளுடைய வயிற்றை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் செய்யாது என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சீழை விட்டுவைத்தால் அதுவும் அவளுக்கு ஆபத்து. அப்போது புருஷன் சொன்னான்.

"குருநகர் டொக்டர் இப்பவும் ஊசி போட்டுத்தானாம் கழட்டுறார். சந்தையிலை கதைச்சவை. அவருக்குச் சங்கத்தாலை வருதாம்."

எனக்குச் சுருக்கென்றது.

"அங்கை கூட்டிக்கொண்டு போகலாமெண்டா, பத்து மைல். சைக்கிள் பாரிலை இவளை எப்பிடி ஏத்துறது? காரைப் பிடிச்சாலும் மண்ணெண்ணெயிலை ஓடுற கார், உந்தக் குண்டும் குழியுமான ரோட்டிலை. கடற்கரைப் பக்கம் ஷெல்லும் விழுது."

நான் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உண்மையைச் சொன்னால், அடுத்த இரண்டு நாளும் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. சைக்கிளை எடுப்பேன், திரும்ப வைப்பேன். உவரிடம் போய் நான் கையேந்துவதா? அந்த இரண்டு நாளும் அவள் உப்புத் தண்ணீரால் கொப்பளித்துக்கொண்டு காத்திருந்தாள். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற நாள்கள் கொஞ்சம் உண்டு. அந்த இரண்டும் முன்வரிசையில் இருக்கின்றன.

மூன்றாம் நாள் காலையில் போனேன். மானிப்பாய், ஆனைக்கோட்டை தாண்டி, வெயில் ஏறுவதற்குள் குருநகர். அவருடைய முன்னறை வாசலில் நீள வாங்கு ஒன்றில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் எழும்பி வந்தார்.

"வாரும். இரும்" என்றார். போன கிழமை சந்தித்த ஆளைக் கூப்பிடுவது போல.

இருக்கவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். ஒரேயொரு குழல் தாருங்கள் என்று கேட்டேன்.

"தர ஏலாது."

எட்டு வருடக் கோபமும் ஒன்றாகத் தலைக்கேறியது. "எனக்குத் தரவேண்டாம். அந்தப் பிள்ளைக்குத் தாங்கோ!"

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். மருந்து உள்ளே வருவதற்குச் சங்கம் எழுதி வாங்கிய அனுமதி அது. அங்கத்தவர் தம் கையாலேயே போட வேண்டும். யாருக்கு, எந்தப் பல்லுக்கு என்று எழுதி, நோயாளியும் அங்கத்தவரும் கையெழுத்து வைக்க வேண்டும். வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது.

"கள்ளக் கையெழுத்து வைச்சு ஒண்டு பிடிபட்டாலும் அடுத்த பெட்டி வராது. என்னை நம்பித்தான் சங்கத்தவை கொழும்பிலை ஒவ்வொரு கந்தோராய் ஏறி இறங்கினம்."

"அப்ப அந்தப் பிள்ளை கிடந்து சாகட்டோ?"

"ஆர் சொன்னது? நாளைக்குப் புதன். நான் வாறன். ஊசியை நான் போடுறன், பல்லை நீர் கழட்டும். பல்லுக் கழட்டுறதுக்கு அங்கத்தவராய் இருக்க வேணுமெண்டு எங்கையும் எழுதேல்லை."

இப்படி ஒரு விதிப்பித்துப் பிடித்த மனுஷனைப் பூலோகத்தில் எங்கேயும் காண முடியாது என்று அந்த இடத்தில் நினைத்தேன். பாதி வழி திரும்பி வந்த பிறகுதான், அவர் பத்து மைல் சைக்கிள் மிதித்து வரப்போகிறார் என்பது மண்டையில் ஏறியது.

சொன்னபடி வந்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஈரக் கைலேஞ்சித் துணியில் சுற்றிய இரண்டு குழல்கள். முகத்தைக் கழுவி, கையைக் கழுவி, அவளுக்குப் பக்கத்தில் நின்று, புகையிலைக்கு இந்த முறை எரு கிடைத்ததா, இறைப்புக்கு மெஷின் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டே ஊசியைப் போட்டார். அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாக்குத் தடித்து வார்த்தை குழறியது. அவர் தள்ளி நின்றார். நான் குறட்டை எடுத்தேன்.

"முடிஞ்சுதோ?" என்று அவள் கேட்டபோது பல்லு என் கையில் இருந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை.

நான் மூலையில் இருந்த வாளியடிக்குப் போய்க் கை கழுவினேன். தேவைக்கு அதிக நேரம் கழுவினேன். அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் காணாத மாதிரி, புருஷனிடம் கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "இல்லை இல்லை, நீர் வைக்கக்கூடாது. நோயாளிதான் வைக்கவேணும்" என்று அவனைத் திருத்தினார்.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் அவர் வரத்தொடங்கினார். நான் கேட்கவில்லை. அவராகவே வந்தார். ஒரு புதனுக்கு நாலைந்து பேர், மிகவும் முடியாதவர்கள் மட்டும். அவர் போடுவார், நான் கழற்றுவேன். சனம் அவருக்கு 'ஊசி டொக்டர்' என்று பெயர் வைத்தது. எனக்கு என்ன பெயர் வைத்தது என்று நான் விசாரிக்கப் போகவில்லை.

மூன்றாவதோ நாலாவதோ புதனன்று ஒரு படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். விட்டுப்போன அங்கத்துவத்தைப் புதுப்பிக்கும் படிவம்.

"நான் ராஜினாமாச் செய்த ஆள்" என்றேன், கொஞ்சம் முறுக்கோடுதான்.

"நீர் ராஜினாமாச் செய்யவே இல்லை. அந்தக் கடிதம் செல்லாதெண்டு அண்டைக்கே சொன்னனான். சந்தா கட்டாததாலை பேர் விட்டுப்போச்சுது. அவ்வளவுதான்."

எட்டு வருடம் தலை நிமிர்ந்து சுமந்து திரிந்த ராஜினாமா! சிரிப்பதா, படிவத்தை அவர் முகத்தில் எறிவதா என்று தெரியவில்லை. படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் அங்கத்தவருக்குரிய நன்மைகள் என்று போட்டிருந்தது. சங்கத்தின் சஞ்சிகை வரும், நூலகத்தைப் பாவிக்கலாம், விருந்துக்குக் குறைந்த கட்டணம். சஞ்சிகை எந்தத் தபாலில் வரும், அந்த நூலகத்துக்கு எந்த ரோட்டால் போவது என்று கேட்டு இருவரும் சிரித்தோம். விறைப்பு மருந்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

நான் நிரப்ப வேண்டியதை நிரப்பினேன். அதே மாவட்டத்து அங்கத்தவர் ஒருவர் முன்மொழிய வேண்டும். மாவட்டத்தில் மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். அவருக்கான பகுதியில், விண்ணப்பதாரியின் வேலையை நீர் நேரடியாக அறிவீரா, எத்தனை ஆண்டுகளாக என்று ஒரு கேள்வி. அவர் கொஞ்சமும் யோசிக்காமல் 'எட்டு ஆண்டுகள்' என்று எழுதினார்.

"இதென்ன விசர் வேலை? எட்டு வருசமாய் நாங்கள் கதைக்கவே இல்லை. நீங்கள் பொய் எழுதுற ஆளில்லையே."

"பொய்யில்லை. கதைக்கேல்லைத்தான். ஆனா உம்மடை கையை நான் கிழமைக்கு ஒருக்காலாவது பாக்கிறன், சனத்தின்ரை வாயிலை. உந்தப் பக்கத்தாலை கலியாணம் முடிச்சு வாற பொம்பிளையள், ரவுணுக்கு வேலைக்கு வாற ஆக்கள், எல்லாரும் வாயைத் திறந்தா நீர்தான். உம்மடை நிரப்பல் கழண்டு நான் காணேல்லை. கொஞ்சம் உயரம் கூட. கடிக்கேக்கை முட்டும். அதை மட்டும் ராவி விடுறனான்."

"உயரமோ? நீங்கள் மேல்வரிசை இடப்பக்கம் அடைக்கேக்கை எப்பவும் பின்னுக்கு ஒரு துண்டு விட்டுப்போடுவீங்கள். குனியப் பஞ்சி, சோம்பல். நான்தானே அதையெல்லாம் திருப்பி அடைக்கிறனான்!"

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "ஓம், முதுகு கொஞ்சம் பிரச்சினைதான்" என்றார். சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போட்டார். நான் அந்தப் பழைய கூட்டத்துக்காக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் பேனையை மூடிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

படிவம் போய்ப் பதில் வர ஐந்து மாதம் எடுத்தது. அதற்கிடையில் அந்தப் பெண்ணுக்குச் சுகமாகப் பிள்ளை பிறந்தது. பெட்டைக் குழந்தை. நான் போய்ப் பார்த்தேன். அவரிடம் சொன்னபோது, "பல்லு முளைக்க இன்னும் ஆறு மாசம் கிடக்கு, அதுவரைக்கும் எங்களுக்கு வேலையில்லை" என்றார்.

பிறகு ஒருநாள், ஆஸ்பத்திரிக்கு வந்த மருந்துகளோடு என் பெயருக்கும் ஒரு பெட்டி வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். கொண்டுவந்து மேசையில் வைத்துத் திறந்தேன். ஒரு பெட்டியில் ஐம்பது குழல் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அப்படித்தான் வருகிறது என்று அவரே ஒருமுறை சொல்லியிருந்தார். என் பெட்டியில் இருபத்தைந்து. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். இருபத்தைந்துதான். மேல் மூடியை யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள்.

பிறகென்ன, சாமி வந்தது எனக்கு. வழியில் எவனோ பாதியை அமத்திவிட்டான்! பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் ஏசிக்கொண்டு குருநகருக்குப் போனேன். வாங்கில் நாலைந்து பேர் இருந்தார்கள். உள்ளே அவர் ஒரு மீன்பிடிக்காரரைக் கதிரையில் இருத்தி வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதியைக் களவெடுத்துப்போட்டாங்கள்!" என்றேன் வாசலில் நின்றே.

"களவில்லை" என்றார் அவர், திரும்பாமலே. "மற்றப் பாதி இஞ்சை இருக்கு."

மேசையில் அவருடைய பெட்டி திறந்திருந்தது. அதுவும் பாதி வெறுமை.

"உங்களுக்கு எப்பவும் அம்பதெல்லோ?"

"முந்தி. குடாநாட்டுக்கு ஒரு பெட்டிக்குத்தான் அனுமதி. அங்கத்தவர் எத்தினை பேரோ, அத்தினையாய்ப் பிரிப்பினம்."

எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. "இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அனுமதித் தாளிலை இருக்கே. நீர் முதல் பக்கத்தோடை கோவிச்சுக்கொண்டு போட்டீர்."

"படிவத்திலை கையெழுத்து வைக்கேக்கையும் தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீர் படிவத்தைக் கிழிச்சிருப்பீர்."

கிழித்துத்தான் இருப்பேன்.

கதிரையில் இருந்த மீன்பிடிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பொறுமை முடிந்துவிட்டது.

"டொக்டர், எனக்கு ஊசி போடேல்லையோ?"

"இது ஆடுற பல்லு அண்ணை. கெதியாய் வந்திடும். ஊசி மருந்தை வேறை ஆக்களுக்கு வைச்சிருக்கிறன்."

"போனமுறை ஆடுற பல்லுக்கும் போட்டனீங்கள்தானே."

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. தட்டிலிருந்து குறட்டை எடுத்தார். மீன்பிடிக்காரர் ஒரு பெருமூச்சு விட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தார். என்னுடைய இருபத்தைந்தும் பத்து மைலுக்கு அப்பால், பூட்டிய அலுமாரிக்குள் இருந்தன.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கையைக் கழுவினேன். கதிரைக்குப் பின்னால் நின்று, அந்த மனிதரின் தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.